பென் டிரைவுக்கு வரியா, படத்துக்கு வரியா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பென் டிரைவைப் பத்தினது. அது இப்ப என் மேஜை டிராயர்ல கிடக்கு. 64 ஜிபி, கறுப்புக் கலர், மேல ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.

நானும் சில நண்பர்களும் சென்னைல சின்னதா ஒரு ஃபிலிம் ஸ்க்ரீனிங் நடத்துறோம். ஹால்ல அறுபது சீட், டிக்கெட் கிடையாது. ஒரு தடவை போர்ச்சுகல்ல இருந்து ஒரு இயக்குநர் தன்னோட படத்தை அனுப்பச் சம்மதிச்சாங்க. காசு வேண்டாம், படம் நல்ல தரத்துல ஓடணும், அவ்வளவுதான் நிபந்தனை. அதனால லிங்க் அனுப்பாம ஒரு பென் டிரைவை கூரியர்ல போட்டாங்க.

நாலாவது நாள் எனக்கு ஒரு மெயில். பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, பொருளோட விவரமும் மதிப்பும் சொல்லுங்கன்னு. ரெண்டே கட்டம். முதல் கட்டத்துல 'பென் டிரைவ்'னு எழுதிட்டேன். ரெண்டாவது கட்டத்துல கை நின்னுடுச்சு. மதிப்பு எவ்வளவு? அந்த பென் டிரைவ் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஐநூறு, அறுநூறு ரூபா இருக்கும். உள்ள இருக்கிற படத்தை எடுக்க அவங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. எதை எழுதுறது?

குழுவுல ஒருத்தன் சொன்னான்: "டேய், வெறும் பென் டிரைவ்னு போட்டு ஐநூறுன்னு எழுதிடு. உள்ள என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறா?" நானும் கிட்டத்தட்ட எழுதிட்டேன். அதுக்கு முன்னாடி, தெரிஞ்சவர் மூலமா ஒரு கிளியரிங் ஏஜென்டுக்கு போன் பண்ணேன். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் பக்கமே முப்பது வருஷமா இருக்கிறவர். முழுக்கக் கேட்டுட்டு ஒரு வரி சொன்னார்: "தம்பி, நீ கேக்குற கேள்விக்குப் பெரிய பெரிய கம்பெனியெல்லாம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ட்டு வந்துருக்கு."

அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, கஸ்டம்ஸ் ஒரு பொருளை எப்படிப் பார்க்குது? பேரை வெச்சு இல்ல, நம்பரை வெச்சு. பிரசல்ஸ்ல உலக சுங்க அமைப்புன்னு ஒண்ணு இருக்கு. அவங்க வெச்சிருக்கிற பட்டியலுக்குப் பேர் ஹார்மனைஸ்டு சிஸ்டம், சுருக்கமா எச்எஸ். 1988-ல அமலுக்கு வந்தது. உலகத்துல எல்லை தாண்டுற எந்தப் பொருளும், உயிருள்ள குதிரைல இருந்து பழங்காலச் சிலை வரைக்கும், இந்தப் பட்டியல்ல ஏதோ ஒரு அறைக்குள்ள போயே ஆகணும். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கும். இந்தியால எட்டு இலக்கம். எந்த நம்பருக்குள்ள பொருள் விழுதோ, அதுக்கு எதிர்ல இருக்கிற வரிதான் கட்டணும். ஒரு இலக்கம் மாறினா வரி பூஜ்யமாகவும் ஆகலாம், எகிறவும் செய்யலாம். அதனாலதான் இந்த நம்பருக்காக மனுஷங்க வருஷக்கணக்கா சண்டை போடுறாங்க.

இப்ப ஒரு படத்தை எடுத்துக்கோங்க. ஒரே படம். அது 35 எம்எம் ஃபிலிம் சுருளா வந்தா 37-வது அத்தியாயம், 3706. புகைப்படம், சினிமா ஃபிலிம் எல்லாம் இருக்கிற அத்தியாயம் அது. டிவிடியா வந்தா 8523. பென் டிரைவா வந்தாலும் 8523தான், ஆனா உள்ள வேற கிளை. தியேட்டருக்குப் போற மாதிரி ஹார்ட் டிஸ்க்ல வந்தா, ஹார்ட் டிஸ்க்கே கம்ப்யூட்டரோட சேமிப்புக் கருவி, அதுக்குன்னு 8471-ல தனி இடம் இருக்கு. அதே படம் உங்க போனுக்கு ஸ்ட்ரீம் ஆகி வந்தா? நம்பரே இல்ல. அங்கே பொருளே வரலையே. கதை, நடிகர், கேமரா கோணம் எதுவும் மாறல. ஏறி வந்த வண்டி மட்டும்தான் மாறிச்சு.

அந்த 8523 தலைப்பு ஒரு நீளமான வாக்கியம். டிஸ்க், டேப், ஃபிளாஷ் மாதிரி சேமிப்புச் சாதனம், ஸ்மார்ட் கார்டுன்னு அடுக்கிட்டு, நடுவுல ஒரு சின்னச் சொற்றொடரைச் செருகியிருக்காங்க: பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். 2007-க்கு முன்னாடி இப்படி இல்ல. காலியா இருந்தா 8523, ஏதாவது பதிவாகியிருந்தா 8524, ரெண்டு தனி வீடு. கேசட், சிடி காலத்துக்கு அது சரியாத்தான் இருந்தது. கடைல வெறும் கேசட் வேற, இளையராஜா பாட்டு கேசட் வேற. ஆனா பென் டிரைவ் காலைல காலி, மத்தியானம் நிறைய, சாயந்திரம் ஃபார்மேட் பண்ணா மறுபடி காலி. அதை எந்த வீட்டுல வைக்கிறது? 2007 திருத்தத்துல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. டிவிடி மாதிரி ஆப்டிகல் டிஸ்க்குகளுக்கு மட்டும் உள்ளுக்குள்ள காலி, காலி இல்லாததுன்னு கிளை பிரிச்சு வெச்சிருக்காங்க. காலியான 8524 நம்பரை என்ன பண்ணாங்க தெரியுமா? 2022 பதிப்புல டிஸ்ப்ளே பேனல்களுக்குக் கொடுத்துட்டாங்க. ஒரு காலத்துல பாட்டு கேசட் இருந்த அறையில இப்ப டிவி, மொபைல் ஸ்க்ரீன் பேனல் இருக்கு.

ஆக, வகைப்பாட்டைப் பொறுத்தவரை என் முதல் கட்டம் சரி. உள்ள படம் இருந்தாலும் இல்லாட்டியும் அது பென் டிரைவ்தான். பிரச்சனை முழுக்க ரெண்டாவது கட்டத்துல. மதிப்பு.

இங்கே கொஞ்சம் பின்னாடி போகணும். 1984 செப்டம்பர் 24. அப்ப உலக வர்த்தக அமைப்பு பிறக்கல, காட் ஒப்பந்தம்தான். அதோட மதிப்பீட்டுக் குழு ஒரு முடிவு எடுத்தது. கம்ப்யூட்டருக்கான மென்பொருள் ஒரு டேப்லயோ டிஸ்க்லயோ வந்தா, ஒரு நாடு விரும்பினா அந்த டேப்போட விலைக்கு மட்டும் வரி போடலாம், உள்ள இருக்கிற மென்பொருளோட விலையை விட்டுடலாம். கட்டாயம் இல்ல, விருப்பம். அமெரிக்கா மாதிரி நாடுகள் அந்த வழியைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அந்த முடிவுலயே ஒரு கதவைச் சாத்தியும் வெச்சாங்க: பாட்டு, சினிமா, வீடியோ பதிவுகளுக்கு இது பொருந்தாது. சிப்புக்குள்ள வர்ற மென்பொருளுக்கும் பொருந்தாது.

கவனிச்சீங்களா? மென்பொருளும் பைட்டுதான், பாட்டும் பைட்டுதான். ஆனா 1984-லயே ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டாச்சு. பாட்டு, படத்துக்கு முழு விலைக்கு வரி. மென்பொருளுக்கு வேணும்னா டேப் விலைக்கு மட்டும். எனக்கு இதுல தொழில்நுட்பக் காரணம் எதுவும் தெரியல. கம்ப்யூட்டர் தொழில் வளரணும்ங்கிற ஆசை ஒரு பக்கம், கேசட், ரெக்கார்டு வருமானத்தை விட மனசில்லாதது மறுபக்கம். எனக்கு அப்படித்தான் தோணுது.

இந்தியா எந்தப் பக்கம் நின்னது? அதைச் சொல்றதுதான் 2001 ஜனவரில வந்த ஏசிசி தீர்ப்பு. அசோசியேட்டட் சிமென்ட் கம்பெனீஸ். அவங்களோட சேர்ந்து வேற சில கம்பெனிகளோட அப்பீல்களும் இருந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டாளிகள்கிட்ட இருந்து வரைபடம், மேனுவல், டிஸ்கெட் எல்லாம் வாங்குறாங்க. ஒப்பந்தத்துல பெரிய தொகை. ஆனா கஸ்டம்ஸ்ல காட்டின மதிப்பு சும்மா பேருக்கு ஒரு தொகை. கஸ்டம்ஸ் பிடிச்சது. கம்பெனிகளோட வாதம் கேக்க நியாயமாத்தான் இருந்தது: "நாங்க வாங்குறது அறிவு. அது கண்ணுக்குத் தெரியாது. காகிதமும் டிஸ்கெட்டும் அதைச் சுமந்து வர்ற பாத்திரம். பாத்திரத்தோட விலைக்கு வரி போடுங்க."

சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. அவங்க சொன்னதை என் வார்த்தைல சொல்றேன். ஒரு என்சைக்ளோபீடியாவை யாராவது காகிதத்தோட எடைக்கு விலை போடுவாங்களா? யோசனை மனசுல இருக்கிற வரைக்கும் அது யோசனை. காகிதத்துலயோ டிஸ்கெட்லயோ இறங்கிட்டா அது சரக்கு. இங்கே வரி விழுறது அறிவு மேல இல்ல, அறிவு ஏறினதால விலை கூடிப்போன ஒரு பொருள் மேல. சுங்கச் சட்டத்துல 'சரக்கு'ங்கிற சொல்லுக்குள்ள எல்லாவித அசையும் சொத்தும் அடக்கம். எல்லை தாண்டி வந்த டிஸ்கெட் அசையும் சொத்து. அதனால முழு மதிப்புக்கும் வரி.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டேட் பேங்க்கும் இதே மாதிரி ஒரு வழக்குல தோத்திருந்தது. வெளிநாட்டுல மென்பொருள் வாங்கினாங்க. நாடு முழுக்கப் பயன்படுத்துற லைசென்ஸுக்கான தொகையை மதிப்புல சேர்க்கக் கூடாதுன்னு கேட்டாங்க. விதியில அதுக்கு ஒரு இடம் இருக்கிற மாதிரி தெரிஞ்சது: இறக்குமதி பண்ண பொருளை இங்கே நகல் எடுத்துப் பெருக்குற உரிமைக்காகக் கொடுக்கிற காசை மதிப்போட சேர்க்க வேண்டாம். கோர்ட் சொன்னது, நீங்க வாங்கினது பயன்படுத்துற உரிமை, நகல் எடுத்துப் பெருக்குற உரிமை இல்ல. இந்த வித்தியாசம் சினிமாக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு மாஸ்டரைக் கொண்டுவந்து இங்கே ஆயிரம் பிரதி போடுற உரிமைக்குக் கொடுக்கிற பணம் வேற. ஆயிரம் டிவிடியை ரெடிமேடா கொண்டுவந்து, ஒவ்வொண்ணுக்கும் ராயல்டி கட்டினாத்தான் விக்க முடியும்னு இருந்தா, அந்தப் பணம் வேற. இது மதிப்போட சேரும், அது சேராது.

இப்ப என் பென் டிரைவுக்கு வர்றேன். ஏசிசி தீர்ப்புப்படி பார்த்தா 'ஐநூறு ரூபா'ங்கிறது அந்த கம்பெனிகள் பண்ண அதே வேலைதான், சின்ன அளவுல. சுங்கச் சட்டம் 111-வது பிரிவுப்படி, மதிப்போ விவரமோ உண்மையோட ஒத்துப்போகலைன்னா பொருளையே பறிமுதல் பண்ணலாம். இலவசமா வந்ததுன்னாலும் மதிப்பு பூஜ்யம் ஆகாது. விற்பனை நடக்கலைன்னா வேற வழியில மதிப்பைக் கண்டுபிடிக்க விதிகள் வரிசையா இருக்கு: இதே மாதிரிப் பொருள் என்ன விலைக்கு வந்தது, இதுக்கு நெருக்கமான பொருள் என்ன விலைன்னு. ஒரு போர்ச்சுகீசியக் கலைப்படத்துக்கு நெருக்கமான பொருள் எதுன்னு கண்டுபிடிக்க வேண்டிய அதிகாரி மேல எனக்கு உண்மையிலேயே பரிதாபம் வந்தது.

சரி, மென்பொருளுக்கு இப்ப வரி எவ்வளவு? அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். 1996 டிசம்பர்ல சிங்கப்பூர்ல தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஒண்ணு வந்தது. இந்தியா அடுத்த வருஷம் சேர்ந்தது. கம்ப்யூட்டர், சிப், மென்பொருள் ஏறின டிஸ்க் இதுக்கெல்லாம் வரியை எடுத்துடணும்னு ஒப்பந்தம். அங்கேயும் பாட்டும் படமும் வெளியிலதான் நின்னது. 2015-ல அந்த ஒப்பந்தத்தை விரிவுபடுத்தி அவற்றையும் உள்ளே எடுத்தப்போ, இந்தியா அதுல சேரல.

அப்போ ஒரு டிஸ்க் உள்ள இருக்கிறது மென்பொருளா, படமாங்கிறது காசு விஷயம் ஆயிடுச்சு. யார் முடிவு பண்றது? நம்ம சுங்கக் கட்டணச் சட்டத்துல 85-வது அத்தியாயத்துக்கு ஒரு துணைக் குறிப்பு இருக்கு. அதுல தகவல் தொழில்நுட்ப மென்பொருள்னா என்னன்னு விளக்கம். கட்டளை, தரவு, ஒலி, படம் எதுவா வேணா இருக்கலாம். இயந்திரம் படிக்கிற வடிவத்துல பதிவாகியிருக்கணும். கம்ப்யூட்டர் மூலமா பயனர் அதைக் கையாள முடியணும், இல்லாட்டி அது பயனரோட ஊடாடணும். முழு எடையும் அந்தக் கடைசி நிபந்தனை மேலதான். நீங்க பட்டனை அழுத்துனா அது பதில் சொல்லணும்.

வீடியோ கேம் டிஸ்க் பதில் சொல்லும். அதனால மென்பொருள்னு வாதாட நல்ல வழி இருக்கு. சினிமா டிவிடி? நீங்க அழுதாலும் சிரிச்சாலும் அது பாட்டுக்கு ஓடும். டிவிடில மெனு இருக்கே, சீன் தேர்ந்தெடுக்கலாமே, அது ஊடாட்டம் இல்லையான்னு கேட்டா, ஒரு வக்கீலுக்கு வேலை கிடைச்சாச்சுன்னு அர்த்தம். கேக்கச் சிரிப்பா இருக்கும். ஆனா இந்த மாதிரி வாதம் நிஜமாவே நடந்திருக்கு. ஐரோப்பால 2000-ல பிளேஸ்டேஷன் 2 வந்தப்போ, சோனி அதுகூட பேசிக் மொழில புரோகிராம் எழுதுற ஒரு டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்தது. இது கம்ப்யூட்டர், விளையாட்டுச் சாமான் இல்லங்கிறது அவங்க வாதம். கம்ப்யூட்டர்னா 8471, வரி கிடையாது. விளையாட்டுன்னா 9504, வரி உண்டு. 2001-ல ஐரோப்பிய ஆணையம் 9504-ன்னு விதி போட்டது. 2003-ல ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியை ரத்து பண்ணுச்சு. நம்ம வீட்டுல அம்மாவும் பையனும் போடுற அதே சண்டை, "அது கம்ப்யூட்டர்மா, படிக்கத்தான்".

ஷூட்டிங் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பழைய டிஎஸ்எல்ஆர் எல்லாம் வீடியோ எடுக்கும்போது 29 நிமிஷம் 59 வினாடில நின்னுடுமே, ஞாபகம் இருக்கா? நடுக் கச்சேரில நின்னு நான் திட்டு வாங்கியிருக்கேன். முப்பது நிமிஷம் தொடர்ந்து குறிப்பிட்ட தரத்துல எடுத்தா அது ஐரோப்பால வீடியோ கேமரா, வரி உண்டு. அதுக்குக் கீழன்னா ஸ்டில் கேமரா, வரி இல்ல. ஒரு கட்டண அட்டவணைக்குப் பயந்து உலகம் முழுக்க கேமராக்கள் அரை மணிக்கு ஒரு வினாடி முன்னாடி கண்ணை மூடுச்சு.

அடுத்து, மென்பொருளே வராம, அதோட சாவி மட்டும் காகிதத்துல வந்தா? இதுக்கும் நம்ம பட்டியல்ல இடம் இருக்கு: 4907. தபால்தலை, கரன்சி நோட்டு, செக் புத்தகம், பங்குப் பத்திரம் இதெல்லாம் இருக்கிற அறை. அதுக்குள்ள தகவல் தொழில்நுட்ப மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையைத் தர்ற ஆவணம்னு தனியா ஒரு எட்டு இலக்கம். லைசென்ஸ் சாவி அச்சடிச்ச ஒரு அட்டை, ரூபா நோட்டுக்குப் பக்கத்து இருக்கைல உக்கார்ந்திருக்கு. எனக்கு இந்த மொத்தத் தேடல்லயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

லேப்டாப் கதையைச் சீக்கிரம் சொல்லிடறேன். விண்டோஸ் போட்டே வர்ற லேப்டாப்புல, விண்டோஸ் விலையைத் தனியாக் கழிச்சுக்கலாமா? 2004-ல ஏசர் வழக்கு. அவங்க புதுச்சேரித் தொழிற்சாலை சம்பந்தப்பட்டது, சுங்க வரி இல்ல, கலால் வரி. மென்பொருள் தனிப் பொருள், அதுக்கு வரி பூஜ்யம், கம்ப்யூட்டர் விலையோட சேர்க்காதேன்னு கோர்ட் சொன்னது. 2007-ல சென்னை சுங்கத்துறை ஹியூலெட் பேக்கார்டை எதிர்த்துப் போன வழக்கு. அங்கே, வன்தட்டுல ஏற்கனவே ஏறின ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாம லேப்டாப் ஓடாது, ஆக எல்லாம் சேர்ந்து ஒரே பொருள், ஒரே மதிப்புன்னு முடிவாச்சு. மூணு வருஷ இடைவெளில ரெண்டு விதமாத் தெரியுது. ஆனா ஒண்ணு கலால், ஒண்ணு சுங்கம். கேட்ட கேள்வியும் வேற. இதை ஒரு வரில யாராவது விளக்கினா நம்பாதீங்க.

இப்ப இந்த எபிசோடோட நடுப்பகுதிக்கு வர்றோம். டவுன்லோட்.

பார்சல் நின்ன அஞ்சாவது நாள், இயக்குநர் பொறுமை போய் ஒரு லிங்க் அனுப்பிட்டாங்க. என் வீட்டு வைஃபைல ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சு. அதே ஃபைல். எந்த அதிகாரியும் கேள்வி கேக்கல, எந்தக் கட்டமும் நிரப்பல, பில் ஆஃப் என்ட்ரி கிடையாது. சுங்க வரி நம்ம நாட்டுக்குள்ள வர்ற சரக்கு மேல. கேபிள்ல வந்த சிக்னலை எந்த வாசல்ல நிறுத்துறது?

வரியே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. சுங்க வரி இல்ல, அவ்வளவுதான். வெளிநாட்டு ஸ்ட்ரீமிங், ஆப், கேம் எல்லாம் சேவைங்கிற கணக்குல வருது. நீங்க சாதாரண வாடிக்கையாளர்னா, அந்த வெளிநாட்டு கம்பெனியே இங்கே பதிவு பண்ணி 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டணும். உங்க மாதச் சந்தால அது ஏற்கனவே இருக்கு. ஆனா மென்பொருள் சரக்கா, சேவையாங்கிற சண்டை அவ்வளவு சுலபமா முடியல. 2004 நவம்பர்ல டாடா கன்சல்டன்சி வழக்குல, கடைல பெட்டில விக்கிற மென்பொருள் சரக்குதான்னு அஞ்சு நீதிபதிகள் அமர்வு சொல்லிடுச்சு. 2008-ல மத்திய அரசு மென்பொருளுக்குச் சேவை வரி போட்டது. சரக்குக்கு எப்படிச் சேவை வரின்னு மென்பொருள் விற்பனையாளர் சங்கம் ஒண்ணு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்தது. 2010-ல தீர்ப்பு: மென்பொருள் சரக்குதான், ஆனா ஒவ்வொரு பரிவர்த்தனையும் விற்பனை ஆகாது, லைசென்ஸ் கொடுக்கிற விதத்தைப் பொறுத்து சேவையும் ஆகலாம், சட்டம் செல்லும்.

சுங்க வரி ஏன் இல்லங்கிறதுக்கு இன்னொரு காரணம், அது உலக அளவுல. 1998 மே, ஜெனீவா. உலக வர்த்தக அமைப்போட அமைச்சர்கள் மாநாடு. மின்னணுப் பரிமாற்றங்களுக்கு இப்போதைக்குச் சுங்க வரி போடுறதில்லங்கிற நடைமுறையைத் தொடருவோம்னு ஒரு அறிவிப்பு. அப்ப இன்டர்நெட்னா டயல்-அப். டிர்ர்ர்னு சத்தம் போட்டு ஒரு பாட்டு இறங்க அரை மணி ஆன காலம். தற்காலிகம்னு சொன்னது, மாநாட்டுக்கு மாநாடு நீட்டிக்கப்பட்டே வந்தது. 2024-ல அபுதாபில பெரிய இழுபறிக்கு அப்புறம், அடுத்த மாநாடு வரைக்கும் அல்லது 2026 மார்ச் 31 வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான், அத்தோட காலாவதின்னு எழுத வெச்சாங்க.

எழுத வெச்சதுல இந்தியாவுக்கும் பங்கு உண்டு. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் பல வருஷமா சொல்றது: கேசட், சிடி, புத்தகம், படச்சுருள்னு வந்தப்போ எங்களுக்கு வரி வந்தது. அதெல்லாம் ஃபைலா மாறிடுச்சு, வரி போயிடுச்சு. ஃபைல் விக்கிறவங்க பெரும்பாலும் பணக்கார நாட்டு கம்பெனிகள், வாங்குறது நாங்க. 2019-ல ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி அமைப்போட ஆய்வு ஒண்ணு, வளரும் நாடுகள் இழக்கிற சுங்க வருமானம் வருஷத்துக்கு ஆயிரம் கோடி டாலர் அளவுல இருக்கலாம்னு கணக்குப் போட்டது. எதிர்த் தரப்பு, பணக்கார நாடுகளோட ஓஇசிடி அமைப்பு, அவ்வளவெல்லாம் இல்ல, வரி போட்டா நஷ்டம்தான் ஜாஸ்தின்னு சொல்லுது. இந்தோனேசியா மட்டும் 2018-ல ஒரு வேலை பண்ணுச்சு. தன் கட்டணப் புத்தகத்துல 99-வது அத்தியாயம்னு ஒண்ணைத் திறந்து, மின்னணு வழியா வர்ற மென்பொருளுக்கும் மத்த டிஜிட்டல் பொருளுக்கும் இடம் ஒதுக்கிடுச்சு. வரி எவ்வளவு? பூஜ்யம். துண்டைப் போட்டு இடம் பிடிச்சு வெச்ச மாதிரி.

என் மனசு இதுல ரெண்டா இருக்கு. வரி போடுற உரிமையை ஒரு நாடு நிரந்தரமா எழுதிக் கொடுக்கக் கூடாதுங்கிற வாதம் எனக்குச் சரின்னு படுது. முக்கியமா, இனிமே ஃபைலா வரப்போறது பாட்டும் படமும் மட்டும் இல்ல. அமெரிக்கால கிளியர்கரெக்ட்னு ஒரு வழக்கு. பல்லை நேராக்குற பிளாஸ்டிக் அச்சுக்கான முப்பரிமாண மாதிரியை பாகிஸ்தான்ல தயாரிச்சு, ஃபைலா டெக்சாஸுக்கு அனுப்பி, அங்கே 3டி பிரின்ட் பண்ணாங்க. காப்புரிமைச் சண்டை. அந்த ஃபைல் இறக்குமதியான பொருளா? 2015-ல அந்த நாட்டு அப்பீல் கோர்ட் இல்லைன்னு சொல்லிடுச்சு, பொருள்னா தொட்டுப் பார்க்க முடியணும். இன்னைக்குப் பல் அச்சு, நாளைக்கு உதிரிபாகம். அப்ப சுங்கச்சாவடி யாருக்காக நிக்குது?

ஆனா மறுபக்கமும் நம்ம ஊர்லயே இருக்கு. ஓஎம்ஆர்ல இருந்து ஒவ்வொரு ராத்திரியும் வெளிநாட்டுக்குப் போறது எல்லாம் அந்த மின்னணுப் பரிமாற்றம்தான். கோயம்புத்தூர்ல ரெண்டு பேர் சேர்ந்து பண்ற ஒரு கேம், ஒரே நாள்ல நூறு நாட்டுல வித்துப்போகுது. ஒவ்வொரு நாடும் தன் வாசல்ல ஒரு படிவம் வெச்சு, உள்ள என்ன இருக்கு, மதிப்பு என்னன்னு கேட்டா? பெரிய கம்பெனி ஆள் வெச்சு நிரப்பும். அந்த ரெண்டு பேர் என் மாதிரி ரெண்டாவது கட்டத்துல நின்னுடுவாங்க. அந்தக் கட்டத்துல நின்னு பார்த்ததால சொல்றேன், அந்தப் பயம் எனக்கு நிஜம்.

என் படிவத்துக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஏஜென்ட் அண்ணன் சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதினேன்: பதிவு செய்யப்பட்ட பென் டிரைவ், முழு நீளப் படம், விற்பனைக்கு இல்ல, கட்டணமில்லாத் திரையிடல். இயக்குநர்கிட்ட ஒரு கடிதமும் வாங்கி இணைச்சேன். ஒரு தொகை போட்டுச் சொன்னாங்க, கட்டினேன். பயந்த அளவு பெருசு இல்ல. பார்சல் கைக்கு வந்தது ஸ்க்ரீனிங் முடிஞ்சு ஆறாவது நாள். படத்தை அந்த லிங்க்ல இருந்து இறக்கின ஃபைலை வெச்சுத்தான் ஓட்டினோம். அறுபது சீட்ல நாப்பத்தி மூணு பேர் வந்தாங்க.

போன வாரம் இயக்குநர் மெயில் போட்டிருந்தாங்க. முடிஞ்சா அந்த பென் டிரைவைத் திருப்பி அனுப்புங்க, அதுல இன்னும் சில ஃபைல் இருக்குன்னு. கூரியர் ஆப்பைத் திறந்தேன். விவரம், மதிப்பு, அதே ரெண்டு கட்டம். ஏஜென்ட் அண்ணனுக்கு மறுபடி போன் பண்ணியிருக்கேன்.